அறுபது சென்டிமீட்டர்

விளக்கைக் கழற்றிக்கொண்டுதான்
இந்த நாட்டில் வீடு மாறுகிறார்கள்.
அடுப்பை விட்டுப்போவார்கள், திரைச்சீலையைக்கூட.
அடுத்து வருபவருக்குக் கூரையில் ஒரு கொக்கி,
இரண்டு கம்பிமுனை,
அவ்வளவுதான்.

ஆல்போர்க். டிசம்பர். பிற்பகல் மூன்றரை.
ஃபியோர்டின் மேல் கடைசி வெளிச்சம்
கழுவாத கிண்ணத்தில் ஒட்டிய பால்போல.
நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.
கதவைத் திறந்தவன் எஸ்கில்.
காபி கொடுத்தவள் மெரெட்டெ.
இருவரும் என்னிடம் மட்டும் பேசினார்கள்,
மற்றவர் காதில் விழும்படி.

எல்லாம் பிரித்தாயிற்று.
மஞ்சள் ஒட்டுத்தாள் அவளுக்கு, நீலம் அவனுக்கு.
புத்தக அலமாரி நீலம். பூனைக்கூடை மஞ்சள்.
ரொட்டிக் கத்திக்குக்கூட ஒரு நிறம்.
விளக்குக்கு மட்டும் தாள் இல்லை.

கவிழ்த்த மூன்று தட்டுகள், ஒன்றின்கீழ் ஒன்று.
வெளியே சாம்பல் பூசிய அலுமினியம்;
உள்விளிம்பில் மட்டும்
குனிந்து பார்த்தால் தெரியும் ஒரு சிவப்பு.
பல்பு கண்ணில் படாது.
வெளிச்சம் அந்தச் சிவப்பைத் தொட்டுவிட்டு
மெதுவாக மேசைக்கு இறங்கும்.

அறுபத்திரண்டில் செய்தது, என்றான் எஸ்கில்.
ரான்டெர்ஸில் ஒரு ஏலம். கூட்டத்தில் பிரிந்துபோய்
ஆளுக்கொரு மூலையில் நின்று
எதிராளி யாரென்று தெரியாமலே
இருவரும் மாறிமாறிக் கை தூக்கி...
"நானூறு குரோனர் தண்டம்"
சமையலறையிலிருந்து மெரெட்டெ முடித்துவைத்தாள்.
ஒரு சிரிப்புக் கேட்டது.
யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேசைக்கு மேல் அறுபது சென்டிமீட்டர்.
தொழிலில் எங்கள் கணக்கு அது.
இறக்கினால் எதிரே இருப்பவர் முகம் மறையும்.
ஏற்றினால் கண் கூசும்.
டேப்பை இழுத்துப் பார்த்தேன்:
எண்பத்தொன்று.

ஃபியூஸை அணைத்தேன். நெற்றியில் டார்ச்.
கூரைமூடியைத் திருகித் திறந்ததும்
உள்ளே திணித்திருந்த வயர் பொலபொலவென்று சரிந்தது.
துணி சுற்றிய பழைய வயர்.
அதில் கோடுகள்.
பென்சிலில் ஒன்று, பக்கத்தில் ஐம்பத்தெட்டு.
பேனாவில் ஒன்று, அறுபத்தாறு.
மறுபடி பென்சில், ஐம்பத்தேழு.
பேனா, எழுபத்திரண்டு.
படித்துக்கொண்டே போனேன், சத்தமாக.
படிக்காமல் இருந்திருக்கலாம்.

"நீயா?"
அன்று முதல்முறையாக நேராகக் கேட்டான்.
"நீ ஊருக்குப் போகும்போதெல்லாம்" என்றாள்.
"நீயும்தானே."

"கண் கூசியது, மெரெட்டெ."

"தெரியும்.
அந்த உயரத்தில்தான் உன் கண் தெரிந்தது."

பேச்சு அங்கே நின்றுவிட்டது.
என் டார்ச் யார்மேல் விழுவதென்று தெரியாமல்
சுவரில் போய் ஆணித்துளைகளைப் பார்த்தேன்.
கையில் மூன்று கிலோ.
ஏணியில் நிற்பவளுக்கு மௌனமும் கனம்தான்.
"கை வலிக்கிறது" என்றேன். "யாருக்கு?"

அவளுக்கு, என்றான்.
அவனுக்கு, என்றாள்.
அதே நொடியில். ஏலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும்,
என்ன, இந்த முறை விலை கீழே போகிறது.

தெருவில் வேன்காரன் தோர்பென் ஹார்னை அழுத்தினான்.
"அங்கேயே இருக்கட்டும்."
யார் சொன்னது என்று சத்தியமாக நினைவில்லை.
யாரும் விட்டுப்போவதில்லையே, என்று நான் சொல்வதற்குள்
மேசையின் இரு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு
படியிறங்கினார்கள்.
"உன் பக்கம் தாழ்த்து."
"திருப்பத்தில் பார்த்து."
நாலு மாடியும் அந்தப் பேச்சுக் கேட்டது.

விளக்கைத் திரும்ப மாட்டினேன்.
டேப்பை எடுத்தேன்.
எதிலிருந்து அளப்பது?
கீழே வெறும் தரை,
மேசைக்கால்கள் நின்ற இடத்தில்
நாலு வெளிர் வட்டம்.
யார் தலையிலும் இடிக்காதபடி
வயரை உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு
ஃபியூஸைப் போட்டேன்.
அறை முழுக்க லேசான சிவப்பு.

ஏணியோடு கீழே வந்தபோது வேன் போயிருந்தது.
கழற்றியது ஒன்று, மாட்டியது ஒன்று.
பில்லை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று
கேட்க மறந்துவிட்டேன்.